கவ்வாத்து வெட்டிய முகம்

அன்று கொட்டகலையில், கடைக்கு மேலே இருந்த மாடி வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் தங்கச்சி சாந்தி. அவள் புருஷன் ரவி. ரவியின் அம்மா. அந்த அம்மாவின் தம்பி, பட்டு வேட்டியில். ஐயர். காது குத்த வந்த ஆசாரி. போட்டோக்காரர். என் பொண்டாட்டி செல்வி. சாந்தியின் பதினொரு மாதப் பிள்ளை கவிதா. கடைசியாக நான். என் முகம் ஊதா நிறம்.

கத்திரிக்காய் ஊதா. (செல்வி சொன்னது. நான் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.)

யாரும் என்னை அடிக்கவில்லை. நோயும் இல்லை. நானே பூசிக்கொண்டது.

எனக்குக் கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடி வயதாகி உயர்ந்துவிட்டால் கத்தியால் வெட்டி மொட்டையாக்குவோம். தண்டில் பாசி படிந்திருக்கும். அதைத் தேங்காய்த் தும்பால் தேய்த்து எடுப்போம். பெரிய வெட்டுக்கு மருந்து பூசுவோம். பிறகு புதுத் துளிர் வரும். எனக்குத் தெரிந்த வைத்தியம் இது ஒன்றுதான்.

தை மாதம் எங்கள் பக்கம் பனி கொட்டும். விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்றால் காற்று முகத்தை அறுக்கும். எல்லோருக்கும் கொஞ்சம் தோல் உரியும். அந்த வருஷம் எனக்கு அதிகம். கன்னம், மூக்கோரம், புருவம் எல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கிளம்பி நின்றது. சிரித்தால் சட்டையில் கொட்டும். நான் அதிகம் சிரிக்கிறவன் இல்லை. அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் சாந்தி போன் பண்ணினாள்.

“அண்ணே, ஞாயித்துக்கெழம பாப்பாவுக்குக் காது குத்துறோம். ஒன் மடியில வச்சித்தான் குத்தணும்.”

“சரி.”

“சரின்னா போதாது. மூஞ்சியக் கொஞ்சம் பாத்துக்க. போன தடவ நீ வந்துட்டுப் போனதும் மாமி கேட்டாங்க, ஒங்க அண்ணனுக்கு மொகத்துல என்னன்னு.”

“பனி.”

“எனக்குத் தெரியும். அவங்களுக்கு யாரு சொல்றது? அவங்க தம்பி மடியில வைக்கலாம்னு பேசிக்கிறாங்க. நான் முடியாதுன்னுட்டேன். எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்தன்தாண்ணே.”

சாந்தி விரும்பிக் கட்டிக்கொண்டவள். அவர்கள் பஜாரில் கடை வைத்திருக்கிறவர்கள். நாங்கள் லயத்து ஆட்கள், தோட்டத்து வரிசை வீட்டில் இருக்கிறவர்கள். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த வீட்டுக்குப் போனால் நான் வாசலோடு பேசிவிட்டு வந்துவிடுவேன். உட்காரச் சொன்னதில்லை என்று சொல்ல மாட்டேன். சொன்ன விதம் உட்காரும்படி இருக்காது. தாய்மாமன் மடி மட்டும்தான் அங்கே எங்களுக்கு இருந்த உரிமை. அதை ஒரு தோலுக்காக விடக் கூடாது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. செல்வி இன்னும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நான் லயத்தில் எங்கள் ஒற்றை அறை, காம்பராக் கதவைச் சாத்திக்கொண்டேன். தும்பை எடுத்தேன். சீனியும் எலுமிச்சம்பழமும் கலந்து முகத்தில் அப்பினேன். பாசி எடுக்கிற மாதிரி, கீழிருந்து மேலாகத் தேய்த்தேன். சத்தம் போடவில்லை. போட்டால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும்.

பாசி போய்விட்டது. கூடவே தோலும் போய்விட்டது. முகம் எரிந்தது. அங்கங்கே பொட்டுப் பொட்டாக ரத்தம்.

நான் பயப்படவில்லை. (பயந்திருக்கலாம்.) வெட்டியாச்சு, தேய்த்தாச்சு, இனி மருந்துதான் பாக்கி என்று நினைத்தேன். எங்கள் மாட்டுக்குக் காலில் புண் வந்தபோது வாங்கிய ஊதா மருந்து அடுப்புக்கு மேலே இருந்தது. கோழி இறகால் தொட்டுப் பூசினேன். மாட்டுக்குப் பூசும்போதெல்லாம் அது என்னை உதைக்கும். ஏன் என்று அன்று தெரிந்தது.

எங்கள் வீட்டுக் கண்ணாடி உள்ளங்கை அளவு. ஒரு கன்னம் தெரிந்தால் மறு கன்னம் தெரியாது. துண்டு துண்டாகப் பார்த்ததில் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

செல்வி வந்தாள். கூடையை இறக்காமல் நின்றாள்.

“என்னங்க இது?”

“மருந்து.”

“அது மாட்டு மருந்துங்க.”

“புண்ணு எல்லாம் ஒண்ணுதான்.”

“மாட்டுக்குக் கால்ல பூசுனோம். அது காதுகுத்துக்குப் போகல.”

“கழுவுனா போயிரும்.”

போகவில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். ஊதா அங்கிருந்து காதுக்கும் கழுத்துக்கும் போனது. செல்வி ஒரு தடவை சிரித்தாள். பிறகு சாந்தியை நினைத்து அழுதாள்.

மறுநாள் கண் மட்டும் தெரிகிற கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பல்வலியா என்று கண்டக்டர் சிங்களத்தில் கேட்டார். “ஓவ்”, ஆமாம் என்றேன். லிந்துலை தாண்டியதும் வெயில் ஏறியது. எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். நான் தொப்பியைக் கழற்றவில்லை. செல்வி சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள்.

மாடி ஏறினோம். ரவியின் அம்மா எதிரே வந்தார்.

“வாங்க தம்பி. தொப்பிய எடுங்க, சாமி காரியம்.”

எடுத்தேன்.

ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். ஆசாரிதான் முதலில் பேசினார்.

“பரவால்ல, காது புள்ளைக்குத்தான குத்தணும்.”

பட்டு வேட்டி எழுந்தது. “வேணும்னா நான் ஒக்காரட்டுங்களா?”

சாந்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. குரல் மாறவில்லை.

“எங்கண்ணன்தான். ஒக்காருண்ணே.”

உட்கார்ந்தேன். பிள்ளையைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து, முகத்தை வெளியே பார்க்க வைத்து என் மடியில் வைத்தாள். புத்திசாலி. ஆசாரி வலது காதைக் குத்தினார். சரியாக விழுந்தது. பிள்ளை அழுதது.

அழுகிற பிள்ளை தூக்கி வைத்திருக்கிறவரைத் திரும்பிப் பார்க்கும். இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. ஆசாரி இடது காதில் கம்பியை வைத்த நேரம் அது திரும்பியது. என்னைப் பார்த்தது. அழுகை நின்றது. (சமாதானமாகிவிட்டது என்று நினைத்தேன்.) பிறகு வீறிட்டுக் கத்தித் தலையை உதறியது. அதற்கு முன்னால் என்னைக் கண்டால் சிரித்துக்கொண்டு தாவுகிற பிள்ளை அது.

கம்பி போக வேண்டிய இடத்துக்கு மேலே, ஓரமாக இறங்கிவிட்டது.

இடது காதை இரண்டாம் தடவை பட்டு வேட்டி மடியில் வைத்துத்தான் குத்தினார்கள். அங்கே பிள்ளை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தது. சாந்தி என் பக்கம் திரும்பவில்லை. நான் எழுந்து மாடிப்படியில் போய் நின்றேன்.

சற்று நேரத்தில் ரவியின் அம்மா வந்தார்.

“என்ன தம்பி பண்ணுனீங்க?”

சொன்னேன். தும்பு, எலுமிச்சை, மருந்து.

“தேயிலச் செடிக்குப் பண்றதா?”

“ஆமாங்க.”

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு உள்ளே போய் ஒரு சின்ன வெள்ளை டப்பா எடுத்து வந்தார்.

“எனக்கும் தை பொறந்தா உரியும். குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள இதப் பூசிக்குவேன். தேய்க்கறதே இல்ல. அன்னைக்கு ஒங்க தங்கச்சிகிட்ட கேட்டது இதக் குடுத்தனுப்பத்தான்.”

“அவ அப்பிடிச் சொல்லலயே.”

“நான் சொல்லி முடிச்சாத்தான. மொறச்சிக்கிட்டுப் போய்ட்டா. என் தம்பி மடின்னு சொன்னது நான்தான். அத இல்லன்னு சொல்லல. அடுத்த புள்ளைக்கு ஒங்க மடிதான், போங்க.”

டப்பாவில் இருந்தது நல்ல களிம்பு. ஒரு வாரத்தில் முகம் ஆறியது. ஊதா போக இன்னும் சில நாள் ஆனது. பெரட்டில் அன்றிலிருந்து என் பேர் கத்திரிக்கா.

சாந்திக்கு அடுத்த பிள்ளை பிறக்கவில்லை.

கவிதாவுக்கு இப்போது பதினாறு வயது. மேலே விழுந்த துளை தூர்ந்து போகவே இல்லை. வீட்டில் அதற்கு மாமன் ஓட்டை என்று பேர். யார் வந்தாலும் அவள் பாட்டி காதைத் திருப்பிக் காட்டி, என்னை உட்காரவைத்து, தும்பிலிருந்து தொடங்குவார். எல்லோரும் சிரிப்பார்கள். சாந்தியும் சிரிப்பாள். எனக்கு மட்டும் பிள்ளை திரும்பிப் பார்த்த அந்த நேரம் வந்து நிற்கும்.

கவிதா மூன்று துளையிலும் தோடு போடுகிறாள். அதற்கு இரண்டு ஜோடி வாங்க வேண்டும். ஒரு தோடு மிஞ்சும். அதை என் கையில் வைத்து, “இது மாமாவுக்கு” என்பாள். நான் அதை அந்த வெள்ளை டப்பாவில் போட்டு வைப்பேன்.

நேற்று டப்பாவைத் திறந்து எண்ணினேன்.

எட்டு.