நைனா படத்தில் நான் ஊற்றிய வினிகர்

வேலையே செய்யாத சோம்பேறியைக்கூட ஒரு வீடு எப்படியாவது தாங்கிக்கொள்ளும். சோம்பேறித்தனத்தைச் சுறுசுறுப்பாகச் செய்கிறவன் வாய்த்தால்தான் குடும்பத்துக்குக் கஷ்டம். நான் இந்த இரண்டாவது ரகம். அரை மணி நேரம் தேய்த்தால் முடிகிற வேலையைத் தேய்க்காமலே முடிப்பது எப்படி என்று மூன்று மணி நேரம் செல்போனில் பார்க்கிற ஆள். (ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. சிரிக்காதீர்கள்.)

ஆந்திர எல்லையோரம் இருக்கிற நகரியில் எங்கள் தெருத் தண்ணீர் உப்பு. வாளி, குழாய், தரை எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். டாய்லெட் கறைக்குக் கருப்பு கூல் டிரிங்க் ஊற்றி ஊறவைக்கலாம் என்று வீடியோவில் ஒருவர் சொன்னார். இரண்டு லிட்டர் ஊற்றினேன். கறை அப்படியே இருந்தது, எறும்புதான் வந்தது. எங்கள் தெருவில் அத்தனை எறும்பு குடியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குழாயில் பல் விளக்குகிற பேஸ்டைத் தேய்த்தேன். உப்பு அசையவில்லை, குழாய் மட்டும் பல் விளக்கினது போல மணந்தது. ஜன்னல் கண்ணாடியைச் செய்தித்தாளால் துடைத்ததில் மை கைக்கு ஏறி, கையிலிருந்து சுவருக்கு ஏறியது.

"நீங்க சுத்தம் பண்ண எடத்த சுத்தம் பண்றதுக்கே எனக்கு தனியா ஒரு நாள் வேணும்" என்றாள் என் மனைவி கோமதி. புத்தூர்க்காரி. அதிகம் பேசமாட்டாள், பேசினால் சரியாகத்தான் இருக்கும்.

இதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

எங்கள் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பவர்லூம் ஓட்டியவர். போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கேமரா என்றால் அவருக்கு ஆகாது. கல்யாண வீட்டில் போட்டோகிராபர் தலை தெரிந்தால் பந்திக்கு எழுந்து போய்விடுவார், ஏற்கெனவே சாப்பிட்டிருந்தாலும். நெசவாளர் அட்டைக்குப் படம் வேண்டும் என்று ஒருமுறை அம்மாதான் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஸ்டூடியோவில் உட்காரவைத்தாள். காலையிலிருந்து கரண்ட் இல்லை. தெருவே ஓய்ந்து கிடந்தது. இவர் நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். திடீரென்று கரண்ட் வந்தது. ஸ்டூடியோ விளக்கு எரிந்த அதே நேரம் தெருவில் இருந்த தறியெல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. நைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போட்டோகிராபர் அழுத்திவிட்டார்.

அட்டை ஆபீஸில் "நவ்வகூடதய்யா" என்று தெலுங்கில் சொல்லிப் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சிரிக்கக் கூடாதாம். அப்படியானால் அட்டையே வேண்டாம் என்று வந்துவிட்டார் நைனா. அவர் போன பிறகு அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினோம். சின்னப் படம் அப்போதே தொலைந்துவிட்டது. அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஆக, நைனா சிரிக்கிற படம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

அம்மா தினமும் காலையில் அதோடு பேசுவாள். பருப்பு விலை, பக்கத்து வீட்டுச் சண்டை, நான் கோமதியிடம் வாங்கின திட்டு, எல்லாம் அங்கே போகும். கடைசியில் "உனுக்கின்னா, நீ பாட்டுக்கு சிரிச்சிக்கினு கீற" என்று முடிப்பாள். வெள்ளிக்கிழமைதோறும் அவள் வைத்த சந்தனமும் குங்குமமும், ஊதுவத்திப் புகையும், எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கண்ணாடி மங்கிப்போயிருந்தது.

போன வருஷம் நைனாவுக்குப் படையல் போடுவதற்கு முதல் நாள். அம்மா காய்கறி வாங்கப் போயிருந்தாள். கோமதி வடைக்குப் பருப்பை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன்.

"துணிய நனைச்சி நல்லா பிழிஞ்சி தொடச்சா போதும். இருங்க, நான் வந்து தொடைக்கறேன்" என்றாள் கோமதி.

"நீ உன் வேலைய பாரு. ரெண்டே நிமிஷம். தேய்க்கவே வேணாம், பளபளன்னு ஆயிடும்."

"டாய்லெட்டும் ரெண்டு நிமிஷம்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

படத்தைத் தரையில் மல்லாக்க வைத்தேன். ஒரு கையில் செல்போனைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே (சாதனையைப் பதிவு செய்ய வேண்டாமா) மறு கையால் கண்ணாடி முழுக்க ஆப்ப சோடாவைத் தூவினேன். அதன் மேல் வினிகரை ஊற்றினேன். ஸ்ஸ்ஸ் என்று நுரை பொங்கியது. எது பொங்கினாலும் உள்ளே வேலை நடக்கிறது என்று நம்புகிற புத்தி எனக்கு. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

(அப்புறம் எங்கள் தொழிற்சாலை லேபில் வேலை பார்க்கிற பெண் சொன்னாள்: "புளிப்பும் சோடாவும் ஒண்ண ஒண்ணு தீத்துடும் சார். கடைசில நிக்கறது ஒரு மாதிரி உப்புத் தண்ணிதான்." உப்புத் தண்ணீர் எங்கள் குழாயிலேயே வருகிறது. நான் அதைக் காசு கொடுத்துத் தயாரித்திருக்கிறேன்.)

நுரை அடங்கியது. குங்குமம் அப்படியே இருந்தது. வினிகரைத்தான் காணோம். அது எங்கே போயிற்று என்று யோசிக்கும்போதே, நைனாவின் சட்டைக் காலரில் ஈரம் ஏறுவது தெரிந்தது. கண்ணாடிக்கு உள்பக்கம்.

அப்போதாவது கோமதியைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் டாய்லெட்டைப் பற்றிப் பேசுவாள் என்று கூப்பிடவில்லை. கத்தியால் பின்பக்கத்து ஆணிகளை நெம்பி, அட்டையை எடுத்தேன். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக இழுத்தேன். வரவில்லை. கொஞ்சம் வேகமாக இழுத்தேன். வந்தது. நெற்றி வந்தது, கண் பாதி வந்தது. மூக்குக்குக் கீழே வெறும் வெள்ளைக் காகிதம். சிரிப்பு கண்ணாடியிலேயே இருந்தது.

அதை அப்படியே விட்டிருக்க வேண்டும். ஆனால் நான் பதறிப்போயிருந்தேன், கையில் ஈரத்துணி இருந்தது, கண்ணாடி அழுக்காக இருந்தது. ஒரே இழுப்பாக இழுத்துத் துடைத்துவிட்டேன். நான் இதுவரை செய்த சுத்தத்திலேயே ஒழுங்காகச் சுத்தமானது அது ஒன்றுதான்.

அம்மா வந்தாள். பையைக் கீழே வைத்தாள். காகிதத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு எடுத்துப் போய் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நெத்தி நல்லாதான் கீது" என்றாள்.

பிறகு, "கைய கழுவிக்கினு வந்து துன்னுடா. மணி ஆவுது."

இரண்டு அறை அறைந்திருந்தால் தேவலாம். முப்பத்தெட்டு வயசு ஆம்பளை, சோற்றுத் தட்டைப் பார்த்து அழுதேன். கோமதி ஒன்றும் சொல்லவில்லை. டாய்லெட்டைப் பற்றிக்கூட.

சாயங்காலம் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு புத்தூரில் ஒரு ஸ்டூடியோவுக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் பார்த்துவிட்டு, "கண்ணாடிய அப்டியே எடுத்துக்கினு வந்திருந்தா ஸ்கேன் பண்ணி சேத்திருப்பேன் சார். கண்ணாடி எங்க?" என்று கேட்டார்.

"தொடச்சிட்டேன்."

அப்போதுதான் வீடியோ ஞாபகம் வந்தது. சோடா தூவுவதற்கு முன்னால் ஒரு நொடி படம் தெரியும். அவர் அதைப் பெரிதாக்கினார். முன்னாலும் பின்னாலும் நகர்த்தினார். கண்ணாடியில் நானும் என் செல்போனும் தெரிந்தோம், சரியாக நைனாவின் வாய்க்கு மேலே.

"சார், இதுல உங்க மூஞ்சிதான் கிளியரா கீது" என்றார்.

மிச்சம் இருந்தது ஆதார் அட்டை ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று எடுத்த படம். கண்ணைப் பெரிதாகத் திற, இன்னும் பெரிதாகத் திற என்று யாரோ அதட்ட, பாவம், நைனா திறந்திருக்கிறார். ஸ்டூடியோக்காரர் அதைப் பெரிதாக்கி, நீலப் பின்னணி போட்டு, உதட்டைக் கொஞ்சம் சிவப்பாக்கினார். "கோட்டு போட்டு உடலாமா சார்?" என்றார். வேண்டாம் என்றேன். பயந்த மனுஷனைக் கோட்டு வேறு மாட்டி நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் அந்தப் படத்துக்கு முன்னால்தான் படையல் போட்டோம். கோமதி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நைனா இல்லை. அவளுக்குத் தெரிந்த மாமனார் சுவரில் சிரித்துக்கொண்டிருந்தவர்தான். கற்பூரத்தை ஒற்றிக்கொண்டு, "யாரோ மாதிரி கீறாரு" என்று என் காதோரம் சொன்னாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. அதனால் இன்னும் வலித்தது.

அம்மா வெள்ளிக்கிழமை சந்தனம் வைக்கிறாள், குங்குமம் வைக்கிறாள். காலையில் பேசுவது மட்டும் நின்றுபோயிற்று. பருப்பு விலையை இப்போது என்னிடம் சொல்கிறாள்.

வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றின கையோடு கேட்பார்கள், "இன்னாக்கா, அண்ணன் இப்டி மிரண்டு போயி கீறாரு?"

அம்மா என் பக்கம் கையைக் காட்டுவாள். "பின்ன இன்னா பண்ணுவாரு? இவன் துணி எடுத்துக்கினு வர்றத பாத்துட்டாரு."

கூடம் முழுக்கச் சிரிப்பார்கள். கோமதி அடுக்களையிலிருந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன், வேறு என்ன செய்ய. எல்லாரையும் விட அம்மாதான் அதிகமாகச் சிரிப்பாள். சிரித்து ஓய்ந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒருமுறை சுவரைப் பார்ப்பாள். முன்பெல்லாம் அங்கிருந்து அவரும் சேர்ந்து சிரிப்பார்.