இடதுகால் மட்டும்

"வாங்கவே ஆளக் காணோம். இதுல திருட வேற வர்றாங்களாம்."

"உனக்குத் தெரியாதுடி. வலதுகால் செருப்பையும் வெளிய வச்சா ஜோடியாத் தூக்கிட்டுப் போயிருவான். அப்பா காலத்துலேருந்து நம்ம கடையில இடதுகால் மட்டும்தான் வெளிய. அதான் தொழில்."

"எதிர்க்கடையில ரெண்டையும் வச்சிருக்கானே. போட்டு நடந்து பாக்கச் சொல்றான்."

"அவன் நேத்து வந்தவன்."

"நாளைக்கும் இருப்பான். நாமதாங்க இருக்க மாட்டோம்."

மனைவி சொன்னது நிஜம். மாதக் கடைசிக்குள் வியாபாரம் தேறாவிட்டால் காலி செய்துவிடுவதாகக் கட்டடக்காரரிடம் செருப்புக்கடைக்காரர் ஒப்புக்கொண்டிருந்தார்.

வருகிறவர் இடதுகாலைப் போட்டுப் பார்ப்பார். பிடித்துவிட்டால் கடைக்காரர் ஏணி வைத்துப் பரணில் ஏறி அதன் வலதுகாலைத் தேடுவார். தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கும்போது இடதுகால் மட்டும் நாற்காலியடியில் கிடக்கும். வந்தவர் எதிர்க்கடையில் நடை பழகிக்கொண்டிருப்பார்.

ஏறி இறங்குவதால்தான் நேரமாகிறது என்று வலதுகால்களை எல்லாம் சாக்கில் கட்டிக் கீழே கொண்டுவந்தார். இப்போது சாக்குக்குள் தலையை விட்டுத் தேட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் எண் எழுதி மாவுப்பசையால் சீட்டு ஒட்டினார். ஒரே வாரத்தில் கரப்பான்பூச்சிகள் சீட்டுகளைத் தின்று தீர்த்தன. பிறகு கண்ணளவிலேயே ஜோடி சேர்த்தார்.

அப்படி வாங்கிப் போன வாத்தியார் மறுநாளே திரும்பி வந்தார்.

"என் இடதுகால் செருப்போட வருதுங்க. வலதுகாலுக்கு மட்டும் செருப்பு பின்னாடி தனியா வருது."

"கொஞ்ச நாள் போட்டா சரியாயிரும் சார்."

"எது, காலா?"

வாத்தியார் போன இடமெல்லாம் இதைச் சொன்னார். அதன்பின் யாரும் வரவில்லை.

மாதக் கடைசியில் சுவரிலிருந்த அலமாரியைக் கழற்றத் தச்சர் வந்தார். அந்த அலமாரியை அடித்தவரே அவர்தான். மனைவி சாக்குகளைக் கொட்டித் தரையில் ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு காலும் பக்கத்தில் பக்கத்தில். தெருவில் போன இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"அந்த நீலச் செருப்பு என்ன விலைங்க?"

"கடை மூடியாச்சும்மா" என்றார் கடைக்காரர்.

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

"என்ன பண்றது அண்ணே" என்று தச்சரிடம் திரும்பினார். "கடை போனாலும் போகட்டும். இருபத்திரெண்டு வருஷமா அப்பா வச்ச வழக்கத்தை நான் மாத்தலை."

தச்சர் கடைசித் திருகாணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எந்த வழக்கம் தம்பி? பலகை அகலம் பத்தலன்னுதான் உங்கப்பா ஒத்தைக்கால வச்சாரு. ரெண்டு காலும் வைக்கிற மாதிரி அகலமா ஒண்ணு செய்யச் சொல்லிட்டு, அது முடியறதுக்குள்ள கண்ண மூடிட்டாரு. எடுத்துக்கச் சொல்லி உங்களுக்கு ரெண்டு தடவ ஆள் அனுப்பினேனே, அப்பா வச்சதே போதும்னுட்டீங்க. இன்னும் என் பட்டறையிலதான் நிக்குது."

உங்கள் கடையிலோ வீட்டிலோ ஏன் என்று யாருமே கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கும் வழக்கம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் கீழே எழுதுங்கள்.