மென்மேம்பாட்டுக் கழகமும் ஓடிப்போன காரும்

மனிதகுலம் இதுவரை நோற்ற விரதங்களிலேயே கடினமானது, முந்நூறு குதிரைச் சக்தி கொண்ட ஒரு காரை வாங்கி, அதை ஓட்டாமலே இருப்பது. பட்டினி கிடப்பவன்கூட எதிரில் சோறு இல்லாததால்தான் கிடக்கிறான். எங்கள் தகாசாகி நகர 'மென்மேம்பாட்டுக் கழக' உறுப்பினர்களுக்கோ சாவி சட்டைப்பையில் இருக்கிறது, தொட்டியில் பெட்ரோல் இருக்கிறது, மலைப்பாதை வாசலிலேயே தொடங்குகிறது. இருந்தும் ஓட்டுவதில்லை. முனிவர்கள் எங்களிடம் டியூஷனுக்கு வர வேண்டும்.

தற்பெருமை இல்லை. கழகச் செயலாளர் என்ற முறையில் பதிவுக்காகச் சொல்கிறேன். நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் காலமெல்லாம் கசிவு பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உண்மையைத் தவிர வேறெதையும் கசியவிட்டுப் பழக்கமில்லை.

காரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அது மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்குச் சமம். 'அது' என்றுதான் சொல்வோம். தொண்ணூறுகளில் பிறந்தது. இரண்டே கதவு. பின்பக்கம் வட்ட வட்டமாக நான்கு விளக்கு. இன்று பிள்ளைகள் விளையாட்டுத் திரையில் ஓட்டுவது 'அதை'த்தான். திரையிலாவது ஓடட்டும் என்று நாங்களும் பெருந்தன்மையாக விட்டுவிட்டோம்.

எங்கள் தலைவர் உபுகாத்தா கென்சாகு இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் 'அதை' வாங்கிய அன்று, மனைவி கினுயோவிடம் ஒரு வாக்குக் கொடுத்தார்.

"முதல் ஓட்டம் உங்க அக்கா வீட்டுக்குத்தான். மிகுனி கணவாய் வழியா, ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு, ரெண்டு பேரும் கடலைப் பாக்கப் போறோம். என்ன?"

கினுயோ அம்மா அன்றே சோற்றுருண்டை பிடித்துக் கட்டிவைத்துவிட்டார். பாவம், அவசரக்காரர். மேம்பாடு என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியவில்லை.

ஏனென்றால் 'அதை' வாங்கியபடியே ஓட்டுவது காட்டுமிராண்டித்தனம். அதற்காகக் கண்டபடி மாற்றி, நெருப்புக் கக்கவிட்டு, வாலில் பலகை கட்டுவதும் ரௌடித்தனம். எங்கள் வழி நடுவழி. 'மெதுவாக, மென்மையாக, மேலும் கொஞ்சம்' என்பது கழகத்தின் தாரக மந்திரம். முதலில் நல்லதாக நாலு ஸ்பிரிங். ஸ்பிரிங் நல்லதானால் பிரேக் வெட்கப்படும் அல்லவா? பிரேக்கை மாற்றினால் சக்கரம் கோபித்துக்கொள்ளும். சக்கரம் மாறினால் இருக்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். கூட்டுக் குடும்பம்தான், வேறென்ன.

எட்டாம் ஆண்டில் இன்ஜினையே மாற்றலாமா என்ற கேள்வி எழுந்தது. உபதலைவர் தபேய் கடுமையாக எதிர்த்தார்.

"இன்ஜினையே மாத்தினா அது என்னய்யா மென்மேம்பாடு?"

"மென்மையா இறக்குவோம் தபேய் சான்" என்றார் தலைவர்.

"மென்மையான்னா?"

"கயிறு கட்டி, மெதுவா."

தபேய் யோசித்தார். "மெதுவான்னா எனக்கு ஆட்சேபணை இல்ல."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

கழற்றியதை எறிவது பாவம். பிறந்த வீட்டுச் சீதனம் போல அத்தனையையும் பத்திரப்படுத்த வேண்டும் என்பது விதி. எனவே உபுகாத்தா வீட்டில் மெத்தைகள் இருந்த அலமாரியில் ரேடியேட்டர் குடியேறியது. பூ வைக்கும் மாடத்தில் புகைக்குழாய் சாய்ந்திருந்தது. டாடாமிப் பாய் விரித்த அறையின் நடுவே, பழைய பட்டுக் கிமோனோ போர்த்தி, பழைய இன்ஜின் படுத்திருந்தது. பாய் நாலு விரல் இறங்கிவிட்டது. கினுயோ அம்மா காரின் பழைய ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்துதான் தொலைக்காட்சி பார்ப்பார். வாக்கின்படி அவர் 'அதில்' உட்கார்ந்தாயிற்று என்று தலைவர் வாதிட்டார். சட்டப்படி சரியான வாதம்.

"மேம்பாடு உங்களுக்கு, பாடு எனக்கு" என்பார் கினுயோ அம்மா. கழகத்தின் மீது இப்படி ஓர் இலக்கிய நயமுள்ள கண்டனம் வந்ததில் எங்களுக்குப் பெருமைதான்.

சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கழகக் கூட்டத்துக்கும் தலைவர் போய்வருவது மனைவியின் குட்டிக் காரில். மஞ்சள் நம்பர் பலகை போட்ட, டிஷ்யூ பெட்டி மாதிரியான வண்டி. அதற்கு மெழுகும் இல்லை, மேம்பாடும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அது எப்போதும் எங்காவது போய்க்கொண்டே இருந்தது. கலாசாரமற்ற வண்டி.

சென்ற அக்டோபரில் ஒரு நாள் தலைவர் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். கினுயோ அம்மா போனை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஏங்க, அக்கா வீட்டை வித்தாச்சாம். மாசக் கடைசியில ஃபுகுவோக்காவுக்கு, மகன் வீட்டுக்கே போறாளாம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை போயிட்டு வந்துடலாம். 'அதுல'."

தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார். ஒரு தலைவனுக்கே உரிய நிதானம்.

"போலாம் கினுயோ. போகக்கூடாதுன்னு நான் சொல்லலையே. இப்ப இலை உதிர்ற காலம். இலைச்சாறு பெயின்ட்ல பட்டா கறை."

"போன மாசம் வெயில்னீங்க."

"வெயில்ல டேஷ்போர்டு வெடிக்கும்."

"குளிர்காலத்துல?"

"ரோட்டுல உப்புத் தூவுறான்ல?"

"வசந்தத்துல?"

"மகரந்தம்" என்றேன் நான், தலைவருக்குத் துணையாக.

"உங்களை யாரு கேட்டா கொகுரே சான்? நீங்க பிஸ்கட்டைச் சாப்பிடுங்க."

சாப்பிட்டேன்.

"சரி, ரயில்ல போய்க்கோயேன். ரெண்டு மணி நேரந்தானே?" என்றார் தலைவர்.

"ரயில்ல நான் எத்தனையோ தடவை போயிட்டேன். நான் கேக்குறது ரயில் இல்ல. உங்களைத்தான் கேக்குறேன். பக்கத்து சீட்ல உங்களோட ஒரு தடவை. அவ வாசல்ல வந்து நிக்கணும், நாம ரெண்டு பேரும் இறங்கணும். அவ்வளவுதான்."

தலைவர் நெகிழ்ந்துபோனார். "அதுக்குத்தானே பாடுபடுறேன்? இப்ப ஒரே ஒரு ரப்பர் புஷ், இத்துனூண்டு வளையம், அதான் பாக்கி. அது வந்துட்டா முடிஞ்சது."

கினுயோ அம்மா ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தை 'ஆதரவு' என்று நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்தேன்.

அதன்பின் அந்த வீட்டில் சில வினோதங்கள் நிகழ்ந்தன. மாடத்தில் மறுபடியும் பூ. அலமாரியில் மெத்தை. தலைவர் இரவும் பகலும் கொட்டகையில் ரப்பர் புஷ்ஷுக்காகத் தவம் கிடந்ததால், வீட்டுக்குள் வீடு திரும்பி வந்ததை அவர் கவனிக்கவில்லை. நான்தான் கேட்டேன்.

"அம்மா, டாடாமி அறையில இன்ஜின் படுத்திருந்துச்சே?"

"காத்து வாங்கப் போயிருக்கு."

இன்ஜினுக்குக் காற்று தேவைதான். தொழில்நுட்ப ரீதியாகத் தவறில்லாத பதில். மேலும் விசாரிக்கவில்லை.

மாதக் கடைசிக்கு முந்தைய ஞாயிறு, கராசு ஆற்றங்கரைத் திடலில் கழகத்தின் ஆண்டு மாநாடு. கார்களெல்லாம் லாரி மேல் ஏறி, போர்வை போர்த்தி, கல்யாணப் பெண் மாதிரி வந்து இறங்கின. உரிமையாளர்களான நாங்கள் பின்னாலேயே மனைவிமார்களின் குட்டிக் கார்களில் வந்தோம். மாநாட்டின் சிகரம் 'பிறந்தமேனிப் பரிசு'. தொழிற்சாலையிலிருந்து வந்த அதே மேனியோடு, ஒரு திருகாணிகூட மாறாமல் இருக்கும் காருக்கு அது. பல வருடங்களாகக் கொடுக்கப்படவில்லை. நாங்கள்தான் எல்லாருமாகச் சேர்ந்து நாட்டில் மிச்சமிருந்தவற்றையெல்லாம் மேம்படுத்திவிட்டோமே.

அன்று வரிசையின் கடைசியில் ஒரு புதிய 'அது' நின்றது. லாரி இல்லை. போர்வை இல்லை. கண்ணாடியில் ஒரு பூச்சி செத்து ஒட்டியிருந்தது. தலைவர் பூச்சியை மன்னித்துவிட்டு உள்ளே குனிந்தார். இருக்கையை முகர்ந்தார். ஸ்டியரிங்கைத் தடவினார். மண்டியிட்டு ஸ்பிரிங்கைப் பார்த்தார். எழுந்தபோது கண்ணில் நீர்.

"அத்தனையும் ஒரிஜினல்! இதை இப்படிக் காப்பாத்தி வச்சிருக்கிறவன் மகான்யா. யார் அந்த ஆளு? நான் அவர் காலைத் தொட்டுக் கும்பிடணும்."

மிசோ என்ற சோயா விழுது பூசிச் சுட்ட மஞ்ஜு பன் விற்கும் கடையிலிருந்து விரலை நக்கியபடி கினுயோ அம்மா வந்தார்.

"கால் அழுக்கா இருக்குங்க. பரவாயில்லையா?"



"நீயா? இது... இது ஏது?"

"எல்லாம் உங்களோடதுதான். வேண்டாம்னு நீங்க கழட்டினீங்க. வேணும்னு நான் மாட்டினேன். கூடு மட்டும் நம்ம கொன்னியாகு கிழங்குத் தோட்டக்காரர் கொட்டகையில இருந்துச்சு. இன்ஜின் போன வண்டி, எடம் அடைக்குது, எடுத்துக்கிட்டுப் போம்மான்னுட்டாரு."

"யாரு மாட்டினது?"

"பைபாஸ் ரோட்டு ஒர்க்ஷாப்ல. ஒரு வாரத்துல முடிச்சுட்டாங்க."

தலைவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "இருபத்திரண்டு வருஷ உழைப்பு கொகுரே சான்! ஒரே வாரத்துல திருப்பி மாட்டிட்டாளே!"

இதைவிடக் கொடூரமான நாசவேலை எங்கள் மாவட்ட வரலாற்றில் இல்லை. ஆனாலும் விதி விதிதான். பரிசை வழங்கினேன். கினுயோ அம்மா கோப்பையைப் பின்சீட்டில் போட்டுவிட்டு, பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்துபிடித்தார்.

"ஏறுங்க. நாளைக்கு அக்கா சாமானை லாரியில ஏத்துறா. இப்பக் கிளம்பினா வெயில் சாயறதுக்குள்ள கடலுக்குப் போயிடலாம். சோத்துருண்டை கட்டி வச்சிருக்கேன்."

தலைவர் கதவருகே போனார். ஒரு காலைக்கூட உள்ளே வைத்துவிட்டார்.  கழகத்தின் எதிர்காலம் அந்த ஒரு காலில் தொங்கியது. அப்போது ஹருனா மலைப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"கினுயோ, மேகம் தெரியுதே. வண்டி நனையும்."

"நனையட்டுமே. அதுக்குத்தானே வைப்பர் வச்சிருக்கான்?"

"ஒரு அரை மணி நேரம் இரு. ஒரே ஒரு கோட் மெழுகு பூசிடறேன். வெறும் உடம்போட மழையில எப்படி..."

கினுயோ அம்மா அவரைப் பார்த்தார்.  பிறகு அவருடைய காலை மெதுவாக, மென்மையாக எடுத்து வெளியே வைத்தார். கதவைச் சாத்தினார். ஜன்னலை இறக்கினார்.

இன்ஜின் உறுமியதும் தபேய் பதறினார். "என்னய்யா சத்தம்? வண்டியில ஏதாவது கோளாறா?"

"இல்ல தபேய் சான். ஓடுது" என்றேன் நான்.

"ஓ! இப்படித்தான் இருக்குமா?"

'அது' ஆற்றங்கரை ஏறி, வளைவில் நான்கு சிவப்பு வட்டங்களாகச் சுருங்கி மறைந்தது. தலைவர் கையில் மெழுகு டப்பாவோடு நின்றார். மழை வரவில்லை.

அவசரக் கூட்டம் அங்கேயே கூடியது. பிறந்தமேனிப் பரிசு ரத்து செய்யப்பட்டது. காரணம்: 'பொது இடத்தில் ஓடியது.' அது ஓடியதைக் கண்டு முகம் மலர்ந்த உறுப்பினர்கள் இருவர் கண்டிக்கப்பட்டனர்.

மூன்றாம் நாள் கினுயோ அம்மா திரும்பினார். மிதியடியில் கடல் மணல். டிக்கியில் கருவாடு. கண்ணாடியில் ஒரு பூச்சிக் குடும்பமே. கழக உறுப்பினர்கள் ஏழு பேரும் தலைவர் வீட்டு வாசலில் காத்திருந்தோம்.

"கடல் காத்தாச்சே! அடியில தண்ணி அடிச்சுக் கழுவினியா?" என்று கேட்டார் தலைவர்.

"அக்கா உங்களைக் கேட்டா."

"என்ன சொன்னே?"

"இன்னும் மேம்பாட்டுல இருக்காருன்னேன்."

சொல்லிவிட்டு, கருவாட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தலைவர் டார்ச் விளக்கைக் கேட்டார்.  

உப்புக் காற்று பட்ட வண்டியில் துரு தொடங்கியிருக்கும் என்பது அறிவியல். ஏழு பேரும் தேடினோம். கதவு இடுக்கு, சக்கர வளைவு, அடித்தட்டு என்று ஓர் அங்குலம் விடவில்லை. ஒரு புள்ளித் துருகூட இல்லை. ஓடி வந்த சூட்டில் இன்னும் கதகதப்பாகவே இருந்தது. 'துரு எங்கும் காணப்படவில்லை' என்று அறிக்கை தயாரித்து, காரின் முன்மூடி மேல் விரித்து, முத்திரை வைக்க ஏழு பேரும் ஒன்றாகக் குனிந்தோம்.

எங்கள் இடுப்புப் பக்கமிருந்து கிறீச் என்று ஒரு சத்தம்.

கார் அசையவே இல்லை.