கேரியரில் ஒரு வெள்ளாடு

சாலையில் செல்லும் வாகனங்களுள் கார் மேலானது, லாரி பெரியது, பஸ் அரசாங்கத்துடையது. சைக்கிளுக்கு அப்படி ஒரு தகுதியும் கிடையாது. கோவில்பட்டி டீக்கடைகளுக்குப் பால் ஊற்றும் எங்களூர் சிவனாண்டிக்கு இது உடம்பாலேயே தெரியும். கழுகுமலை ரோட்டில் எதிரே கார் வந்தால் கார் விலகாது. அவர்தான் தார் ரோட்டை விட்டு இறங்க வேண்டும். இறங்கினால் கரிசல். மழை பெய்த நாளில் அந்த மண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிடாது. அப்புறம் சைக்கிள்தான் அவர் தோளில் ஏறி வரும்.

ஐப்பசியில் ஒரு வெள்ளைக் கார் அவரை உரசித் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. பால் பூராவும் ரோட்டோடு போயிற்று, முழங்கை பிசகிவிட்டது. அவர் மனைவி வேலுத்தாய் சைக்கிளை வேப்பமரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டாள்.

"பால் போனா நாளைக்குக் கறந்துக்கிடலாம். நீங்க போயிட்டா நான் என்னத்தக் கறக்க?"

சிவனாண்டி பஸ் ஏறிப் போய், மிதிவண்டியோர் பாதுகாப்புப் பணிச் சிறப்பு அலுவலர் பூவனநாதன் அவர்கள் முன் நின்றார். சாலைகளை ஜீப்பை விட்டு இறங்காமலே ஆராய்ந்தவர் அந்த அலுவலர்.

"விபத்து நேர்ந்தபோது எங்கே இருந்தீர்?"

"சைக்கிள் மேல இருந்தேன் சார்."

"அதுதான் பிழை. விழுந்தவர்கள் அனைவரும் விழுவதற்கு முன்பு சைக்கிள் மேல்தான் இருந்திருக்கிறார்கள் என்று ஆய்வில் தெரியவந்துள்ளது."

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"ஏறாதிரும்."

ஊர் திரும்பினால், வீட்டில் வெள்ளாட்டுக்கு வயிறு உப்பிக் கிடந்தது. மாட்டாஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். புருசனுக்காகக் கட்டிய கயிற்றை ஆட்டுக்காக வேலுத்தாயே அவிழ்த்துவிட்டாள். ஆட்டைக் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு சிவனாண்டி ரோட்டில் ஏறினார். அன்றுதான் அதிசயம் நடந்தது. எதிரே வந்த கார்கள் வேகத்தைக் குறைத்தன. ஒரு லாரி கரிசலில் இறங்கி நின்று வழிவிட்டது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் காரில் ஆடு அடிபட்டால் ஊரே வந்து சுற்றிக்கொள்ளும். ஆட்டின் விலை, அது போடவிருந்த குட்டிகளின் விலை, அந்தக் குட்டிகளின் குட்டிகள் விலை எல்லாம் வைத்தால்தான் வண்டி நகரும். மனிதன் அடிபட்டால் கோர்ட்டு. கோர்ட்டுக்கு என்ன அவசரம்? டிரைவர்மார் விவரமானவர்கள்.

"இனிமே ஆடு இல்லாம ரோட்டுல இறங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள் வேலுத்தாய்.

சேதி அலுவலர் காதுக்குப் போயிற்று. உடனே ஆணை பிறந்தது: 'மிதிவண்டியோர் ஒவ்வொருவரும் உயிருள்ளதும் கண்ணுக்குப் புலப்படுவதுமான ஆடு ஒன்றைப் பின்னிருக்கையில் தரித்திருத்தல் வேண்டும்.' போலீஸ்காரர்கள் சைக்கிளில் விளக்கு இருக்கிறதா என்று கேட்பதை விட்டார்கள். கிருஷ்ணராஜ் வாத்தியார் செம்மறியோடு பிடிபட்டார்.

"இதுவும் ஆடுதானய்யா?"

"தலையத் தொங்கப் போட்டிருக்கே சார். தூரத்துல வாறவனுக்கு எப்படித் தெரியும்?"

டவுனில் பெல்பாட்டம் இளவட்டங்கள் சட்டைக்குப் பொருத்தமாக ஆட்டுக் கொம்புக்குப் பெயிண்ட் அடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கைக்கடிகாரம், சைக்கிள், அதோடு ஆடு என்று கேட்கத் தொடங்கினார்கள். கறுப்பா சிவப்பா என்பதில் ஒரு சம்பந்தமே முறிந்துபோனது.

தை மாதம் அலுவலர் தம் வெற்றியை நேரில் பார்வையிட வந்தார். எங்களூருக்குப் பாதை பிரியும் விலக்கில், எதிரே வந்த சைக்கிளில் நல்ல கொழுத்த ஆடு இருப்பதைப் பார்த்த ஜீப் டிரைவர் சட்டென்று ஸ்டியரிங்கை ஒடித்தார். ஓரமாகப் போய்க்கொண்டிருந்த சிவனாண்டி மேல் ஜீப் மோதியது. அவர் பள்ளத்தில் விழுந்தார். அவர் ஆடு கயிறு அறுந்து ரோட்டில் விழுந்தது.

புஞ்சையில் நின்ற நாங்கள் அத்தனை பேரும் ஓடினோம். ஆட்டைத் தூக்கி நிறுத்தி, காலை நீவி, தண்ணீர் காட்டினோம். அலுவலரே குனிந்து அதன் வாயைப் பிளந்து பார்த்தார்.

"ஆட்டுக்குச் சேதம் இல்லை. ஆகவே விபத்து நிகழவில்லை."

எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. விலகி வழிவிட்டோம், ஜீப் போயிற்று.

வேலுத்தாய் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். ஆடு அசைபோட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டாள். "ஆடு நல்லாருக்குல்லா. அப்ப அவியளுக்கும் ஒண்ணும் ஆயிருக்காது."

பள்ளத்துக்குள்ளிருந்து சிவனாண்டியின் குரல் ஈனமாக வந்தது.

"ஏட்டி, ஆட்டுக்கு ஒண்ணுமில்லையே?"

அப்போதுதான் எட்டிப் பார்த்தோம். ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, கூடி நின்றவர்களிடம் சைக்கிள் நிறைய இருந்தது. கேரியரில்தான் இடமில்லை.