கேப்டன் யார் பின்னால் இருந்தார்?

கேப்டனின் நினைவுக்கல்லை வெட்டிக்கொண்டிருந்த கல்வெட்டுக்காரர் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், 'திரும்பிப் பார்க்காதே, பின்னால் நான் இருக்கிறேன்'னு வெட்டியாச்சு. கேப்டன் சொன்னதுன்னும் போட்டாச்சு. யார்கிட்ட சொன்னாருன்னு கீழே ஒரு வரி வரணுமே?"

"என்கிட்டத்தான்," என்றார் வயர்லெஸ்.

பட்டாளத்தில் வயர்லெஸ் பெட்டி சுமந்தவர். ஓய்வு பெற்றும் பெயர் போகவில்லை. இன்று காலண்டரிலும் காபிக் கோப்பையிலும் பள்ளிப் பாடத்திலும் ஏறிவிட்ட அந்த வாக்கியம், உடைந்த பாலத்தின் மேல், குண்டுச் சத்தத்துக்கு நடுவே, கால் நகராமல் நின்ற தன் காதில்தான் விழுந்தது என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. அப்போது மீசைகூடச் சரியாக முளைக்காத வயசு. அந்தக் குரல் வராவிட்டால் கல்யாணம் ஏது, பிள்ளைகள் ஏது? பிற்பாடு வாழ்க்கையில் எந்தக் கஷ்டம் வந்தாலும் அந்தக் குரலை நினைத்துக்கொண்டுதான் அவர் அடுத்த அடி எடுத்து வைத்தார்.

"சாட்சி யாராவது இருக்காங்களா சார்? கல்லுல வெட்டினா அழிக்க முடியாது பாருங்க."

நியாயமான கேள்வி. பழைய தோழர் லாரி டிரைவருக்கு உடனே போன் போட்டார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

"உன்கிட்ட சொன்னாரா? டேய், என்கிட்ட சொன்னாருடா. அப்ப நீ எங்கே இருந்தே?"

"உனக்கு முன்னாடி."

"அப்ப உன் பின்னால இருந்தது நான். கேப்டன் இல்ல."

வயர்லெஸுக்குச் சுருக்கென்றது. நடுநிலையான ஆள் ஒருவர் தீர்த்துவைக்கட்டும் என்று, காயத்துக்குக் கட்டுப்போடும் வேலை பார்த்த மருந்துக்காரரையும் சேர்த்து வீட்டுக்கு வரவழைத்தார். வந்தவர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"ரெண்டு பேருக்கும் மூளை கலங்கிடுச்சு. அவர் சொன்னது என்கிட்ட."

சாப்பாட்டு மேஜையில் அடிஸ்கேல் பாலம் ஆனது. உப்பு டப்பா வயர்லெஸ், மிளகு டப்பா லாரி, மாத்திரை டப்பா மருந்துக்காரர். கேப்டனாக ஒரு எலுமிச்சம்பழம். பழத்தை எங்கே வைத்தாலும் இரண்டு பேர் பொய்யர்கள் ஆனார்கள்.

"நகர்த்தாதே, அவர் இங்கேதான் நின்னார்."

"அங்கே பாலமே இல்லடா, உடைஞ்சு கிடந்துச்சு."

"அப்ப நீ மட்டும் பறந்தா வந்தே?"

"சரி, யாராவது திரும்பிப் பார்த்தீங்களா?" என்றார் மருந்துக்காரர்.

"அதான் பார்க்காதேன்னு சொன்னாருல்ல?"

இத்தனை வருஷச் சிநேகிதம் அந்த மேஜையிலேயே முறிந்துவிடும் போலிருந்தது. லாரி டிரைவர் எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"போகும்போது கேப்டனை வச்சிட்டுப் போங்கண்ணே, சமையலுக்கு வேணும்," என்றாள் வயர்லெஸின் மனைவி.

கேப்டன் காலமாகி வெகு நாளாயிற்று. அவர் மனைவியிடமே கேட்டுவிடலாம் என்று மூவரும் ஒரே காரில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போய் இறங்கினார்கள். அந்த அம்மாள் தோட்டத்தில் உட்கார்ந்து செடிகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க பசங்களா."

அவர்களைப் பசங்கள் என்று கூப்பிட உலகத்தில் இனி வேறு ஆள் கிடையாது. மூன்று கிழவர்களும் தங்களை அறியாமல் விறைப்பாக நின்றார்கள். கண் மட்டும் கலங்கியது.

வயர்லெஸ்தான் வாய் திறந்தார். "அம்மா, அந்த வார்த்தையை அவர் எங்கள்ல யார்கிட்ட சொன்னார்னு உங்ககிட்ட எப்பவாவது சொல்லியிருக்காரா? அன்னிக்கு அவர் என் பின்னால இல்லேன்னா..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நான் எப்படி அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன்னே எனக்குத் தெரியலை."

அம்மாள் கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டார். "அது அவர் வார்த்தையே இல்லப்பா, என்னோடது. கல்யாணமான புதுசுல அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. வெளியில சொல்லவும் வெட்கம். நான்தான் கத்துக்குடுத்தேன். சீட்டைப் பிடிச்சுக்கிட்டு இதையேதான் சொல்லுவேன்."

வயர்லெஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்படிச் சொல்லுங்க. நீங்க விடாம பிடிச்சிருந்தீங்க, அவர் தைரியமா ஓட்டினார்."

"எங்கே பிடிச்சேன்? தெருக்கோடி போய் அவர் திரும்பிப் பார்த்தப்ப நான் வாசல்லயே உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தேன். 'இந்த வித்தை நல்லாருக்கே, பட்டாளத்துல உதவும்'னார்."