கெண்டைக்கால் டைமர்

"அய்யோ, நெஞ்சு!" என்று சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார் பாலுசாமி.

கீதா சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்தாள். "ஏனுங்க, அண்ணனை என்ன பண்ணிப்போட்டீங்க?"

"நெஞ்சு நல்லாத்தான் இருக்குது. பொட்டிதான் அதிருது," என்றான் அவள் கணவன் வெள்ளியங்கிரி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. "கரெக்டா ரெண்டு நிமிசம்!"

சோப்பு டப்பாவுக்குள் பழைய டேப் ரிக்கார்டர் மோட்டார், பேட்டரி, குறித்த நிமிடத்தில் மோட்டாரைத் தட்டிவிட ஒரு கடிகாரச் சுவிட்ச். அதன் தண்டில் ஒரு பக்கமாக ஈயம் வைத்திருந்தான். சுற்றினால் டப்பா முழுக்க அதிரும்; வெளியே சத்தம் கேட்காது. நேரம் ஆனது மேடையில் பேசுகிறவருக்கு மட்டும் தெரியும். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய ஒரு லேத் பட்டறைக்காரன், 1997இல், கணபதி ஏரியாவின் ஒரு சந்துக்குள் உட்கார்ந்து தானாக யோசித்துச் செய்தது. சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரன்.

செய்ய வேண்டிய அவசியமும் இருந்தது. அந்தச் சந்தில் இருபத்திரண்டு பட்டறைகளுக்கு ஒரே டிரான்ஸ்பார்மர். கடைசிப் பட்டறை வெள்ளியங்கிரியுடையது. அவனிடம் மிச்சமாக வந்து சேரும் கரண்டில் டியூப் லைட்டே முழுதாக எரியாது. லேத் எங்கே சுற்றுவது? புது டிரான்ஸ்பார்மர் வராவிட்டால் ஆடியோடு பட்டறையைப் பூட்டிவிட்டு மில் வேலைக்குப் போகிறேன் என்று கீதாவிடம் சொல்லியிருந்தான். சொன்ன அன்றைக்கு இருவருமே சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்காரர் சங்கக் கூட்டத்துக்கு மின்சார ஆபீஸ் இன்ஜினீயர் சுந்தரராஜுலு வருகிறார். எந்தக் கூட்டத்திலும் பத்து நிமிடத்துக்கு மேல் உட்காராத மனிதர். அதற்குள் கேட்டுவிட வேண்டும்.

கேட்க வேண்டியவர் சங்கத் தலைவர் பாலுசாமி. தங்கமான மனிதர்தான். ஆனால் மைக்கைப் பிடித்தால் "அவர்களே, அவர்களே" என்பதற்கே அரை மணி நேரம் ஆகும். யார் பெயரையாவது விட்டுவிட்டால் அவர்கள் மனசு சங்கடப்படுமே என்று பயம். நடுவில் துண்டுச்சீட்டு நீட்டலாம் என்றால், "பெரியவரு பேசறப்ப அது மரியாதைங்களா?" என்று சங்கமே நழுவிக்கொண்டது.

"எனக்கே தெரியுது கண்ணு," என்று பாலுசாமிதான் வந்து கேட்டார். "ஏதாச்சும் செஞ்சு என்னைய நிறுத்து."

"சட்டைப் பை வேண்டாங்ணா. இடுப்புல கட்டிக்கலாம்," என்றான் வெள்ளியங்கிரி இப்போது.

கட்டினான். இரண்டாவது நிமிடம் டப்பா அதிர்ந்தது. வேட்டி மெல்ல அவிழ்ந்தது. பாலுசாமி "அவர்களே"யைப் பாதியில் விட்டு இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்தார். கீதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

"கால்ல கட்டு கண்ணு. அங்க அவுறதுக்கு ஒன்னுமில்ல."

சைக்கிள் டியூபை அறுத்துக் கெண்டைக்காலில் கட்டினான். இரண்டாவது நிமிடம் ஒருமுறை அதிர்ந்தால் "அவர்களே"யை நிறுத்திவிட்டு டிரான்ஸ்பார்மரைக் கேட்க வேண்டும். எட்டாவது நிமிடம் அதிர்ந்தால் நன்றி சொல்லி உட்கார வேண்டும்.

"ஒன்னுமே தெரியலியே கண்ணு?"

"சித்த இருங்ணா," என்று இன்னும் கொஞ்சம் ஈயத்தை வைத்தான். அங்கேதான் வினை.

ஞாயிறு காலை மண்டபம் நிறைந்திருந்தது. பாலுசாமி ஆரம்பித்தார். இரண்டாவது நிமிடம் வேட்டிக்கரை நடுங்குவது முன்வரிசையிலிருந்த வெள்ளியங்கிரிக்குத் தெரிந்தது. பெருமையாகக் கீதாவைப் பார்த்தான். திரும்பினால் வேட்டி இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. கூடுதல் ஈயம் கொடுத்த குலுக்கலில் உள்ளே சுவிட்ச் சிக்கிக்கொண்டது.

கால் கிடுகிடுவென்று ஆட, பாலுசாமிக்குக் கேட்க வந்த விஷயமே மறந்துவிட்டது. நாக்குக்குப் பழகியது பெயர்கள்தான். மேடையில் இருந்தவர்கள் தீர்ந்ததும் எதிரே இருந்தவர்களைப் பிடித்துக்கொண்டார்.

"மூணாவது பட்டறை அன்புமணி அவர்களே! பகல்ல கரண்டு பத்தாதுன்னு கோழி கூப்பிட எந்திரிச்சு லேத் ஓட்டறீங்களே, அவர்களே! வார்ப்படப் பட்டறைல மண்ணு சலிக்கிற பழனியாத்தாள் அவர்களே! ஃபேன் சுத்தாத கொட்டாய்ல வெந்து போறீங்களே அம்மணி, அவர்களே!"

பழனியாத்தாள் பதறி எழுந்து கும்பிட்டாள். அவள் பெயரை மைக்கில் யாரும் சொன்னதே இல்லை.

பத்து நிமிடம் ஆனது. இருபது ஆனது; இன்ஜினீயர் இன்னும் மேடையில்தான் இருந்தார். வெள்ளியங்கிரிக்கு வியர்த்து ஊற்றியது. நாற்பதாவது நிமிடம் பாலுசாமி இருபத்திரண்டாவது பட்டறைக்கு வந்து சேர்ந்தார்.

"கடைசிப் பட்டறை வெள்ளியங்கிரி அவர்களே! அரை வெளிச்சத்துல குந்தி எனக்கொரு பொட்டி செஞ்சீங்களே! உங்க மூளைக்கு முழு வெளிச்சம் கெடைச்சா என்னென்ன செய்வீங்க, அவர்களே!"

வெள்ளியங்கிரிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து பேட்டரி தீர்ந்தது. கால் நின்றதும் பாலுசாமியும் உட்கார்ந்துவிட்டார். டிரான்ஸ்பார்மர் என்ற சொல் கடைசி வரை வரவே இல்லை. மனு அவர் பையிலேயே இருந்தது. இன்ஜினீயர் எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் ஜீப்புக்குப் போய்விட்டார்.

"போச்சாது பண்ணிப்போட்டேன் கண்ணு, கேக்கறதையே மறந்துட்டேன்," என்றார் பாலுசாமி.

"தப்பு என்னுதுங்ணா," என்று டப்பாவை அவிழ்த்துத் தரையில் அடிக்கப் போனான் வெள்ளியங்கிரி.

"அதை எதுக்குங்க ஒடைக்கறீங்க?" என்று கீதா பிடுங்கிக்கொண்டாள்.

அப்போது ஜீப் டிரைவர் ரசாக் மூச்சிரைக்க உள்ளே வந்தார். "மனுவக் குடுங்க. ஐயா கேக்கறாரு. இந்த வாரமே புது டிரான்ஸ்பார்மருக்கு எழுதறாராம்."

பாலுசாமி பையைத் துழாவி மனுவை எடுத்து நீட்டினார்.

"பத்து நிமிசத்துக்கு மேல உக்காரவே மாட்டாருன்னாங்களே?" என்றான் வெள்ளியங்கிரி.

ரசாக் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எந்தக் கூட்டமா இருந்தாலும் பத்தாவது நிமிசம் நான் பூத்துல இருந்து போன் போட்டு அவரு இடுப்புல இருக்கற பேஜரை அதிர வெக்கோணுங்க, அவசர வேலைன்னு எந்திரிச்சு ஓடி வந்துருவாரு, இன்னிக்கு நாலு தடவ போட்டேன், மனுசன் அசையவே இல்லீங்க!"