ஆறு பேர் தூக்கிய எஞ்சின்

இயந்திரப் பொறியியல் படித்தவள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. ஒரே ஒரு ஊரில் மட்டும் சொல்ல மாட்டேன். அது என் சொந்த ஊரான இனயம். அங்கே நான் எஞ்சினுக்குக் கடல்தண்ணி குடிக்கக் கொடுத்தவள்.

கல்லூரி முடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வேலை கிடைக்கவில்லை, திமிர் மட்டும் தாராளமாக இருந்தது. வளைகுடாவில் யாருடைய படகிலோ மீன் பிடித்துக் களைத்த அண்ணன், இனி திரும்பிப் போவதில்லை என்று வந்து, கொச்சிப் பக்கம் சொல்லிவைத்து ஒரு சின்ன அலுமினியப் படகு செய்து கொண்டுவந்தான். எல்லோரும் ஃபைபர் வள்ளம் வைத்திருக்கும் கரையில் அலுமினியம் எதற்கு என்று கேட்டவர்களிடம், எடை குறைவு, அப்பாவும் தானுமாக ரெண்டே பேர் கரையேற்றிவிடலாம், இன்னொருத்தர் கையை எதிர்பார்க்க வேண்டாம் என்றான். படகு ஓடினால் அவன் ஊரில் இருப்பான். ஓடாவிட்டால் மறுபடியும் விமானம் ஏறுவான். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும்.

படகின் பின்னால் மாட்டும் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. (பிடுங்கிக்கொண்டேன் என்பதே சரி.) பக்கத்து வீட்டு வள்ளத்தில் உள்ளதுபோல பத்து ஹெச்.பி. போதுமே என்று அண்ணன் இழுத்தான். நான் நோட்டை விரித்தேன். நீளம், அகலம், மீன் பாரம், எதிர்க்காற்று என்று இரண்டு நாள் கணக்குப் போட்டு, முப்பது ஹெச்.பி. என்று தீர்ப்புச் சொன்னேன். சக்தி கூடுதலாக இருந்தால் என்ன கெட்டுப்போய்விடும் என்பது அன்றைய என் தத்துவம்.

குளச்சலில் கடைக்குப் போனோம். நான் கேட்ட கேள்விகளுக்கு விற்பனைக்காரர் முழிக்க முழிக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. இடுப்பில் சாரத்தை மடித்துக் கட்டியிருந்த அப்பா எஞ்சினின் ஒரு ஓரத்தைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்த்தார். கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். கையில் எண்ணெய் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

எங்கள் கரையில் எஞ்சினைப் படகிலேயே விட்டுவைக்கும் வழக்கம் இல்லை. தொழில் முடிந்ததும் கழற்றி வீட்டுக்குத் தூக்கி வந்து, மறுநாள் திரும்பத் தூக்கிப் போவார்கள். பிறந்த நாள் முதல் நான் பார்த்த காட்சி. அப்பாவின் இடது தோளில் அதற்கான தழும்பே உண்டு. என் நோட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

படகு இறக்கும் நாள், பங்குத்தந்தை தீர்த்தம் தெளிக்கக் கரையில் காத்திருந்தார். அப்பாவும் அண்ணனும் தூக்கிய எஞ்சின் முற்றத்தைத் தாண்டவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மணலில் கால் புதைந்ததும் இன்னும் இரண்டு பேர். ஆறு பேர் தூக்கிப் போக, பின்னால் நான், கையில் ஃபைலோடு. (கடற்கரைக்கு ஃபைல் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள்.) வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "சப்பரம் வருது மக்கா, வழி விடுங்க" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு இன்னும் உறைக்கவில்லை.

தண்ணீரில் உறைத்தது. எடையில்லாத படகு, பின்னால் அவ்வளவு கனம். அப்பா எஞ்சின் பக்கம் உட்கார்ந்ததும் படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. அண்ணன் முன்னால் போய் உட்கார்ந்தும் இறங்கவில்லை. அப்போது வந்த அலை பெரிதுகூட இல்லை. பின்பக்கமாகச் சாவகாசமாக உள்ளே நுழைந்தது. எஞ்சினோடு படகு முங்க, இருவரும் குதித்துவிட்டார்கள். யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாதென்று செய்த படகைப் பத்துப் பேர் சேர்ந்து இழுத்துப்போட்டார்கள். அதே ஆறு பேர், தண்ணீர் ஒழுகும் எஞ்சினைத் திரும்ப எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார்கள்.

அண்ணன் சட்டையைப் பிழிந்தபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"ஏட்டி, எல்லாம் எழுதினியே, இத யாரு தூக்குவான்னு எழுதினியா?"

கடையில் தூக்கிப் பார்த்தீர்களே, அப்போதே ஏன் சொல்லவில்லை என்று அப்பாவிடம் பாய்ந்தேன்.

"பாரம்னு தெரிஞ்சுது மக்கா. நீ படிச்சு எழுதுனதாக்கும். தோளு பழகிக்கிடும்னு நெனச்சேன்."

அன்று நான் சாப்பிடவில்லை. அவர் திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

எஞ்சினைப் பிரித்து நல்ல தண்ணீரில் கழுவி ஓட வைத்து, பெரிய வள்ளக்காரர் ஒருவரிடம் கொடுத்து, அவருடைய பத்து ஹெச்.பி.யை மாற்றிக்கொண்டோம். அண்ணன் ஊரில்தான் இருக்கிறான். எனக்குக் கோவையில் பம்ப் செய்யும் இடத்தில் வேலை. எந்த வரைபடம் மேசைக்கு வந்தாலும், இதை யார் தூக்குவார்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அங்கே அதற்கு நல்ல பெயர் கிடைத்தது. வீட்டில் அது வெறும் கேலி. கட்டில் வாங்கினாலும் வாஷிங் மெஷின் வாங்கினாலும் யாராவது கேட்டுவிடுவார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர் கொஞ்சம் தாட்டியான ஆள். அண்ணன் அடுக்களைக்கு வந்து, "எத்தன பேரு தூக்கணும் ஏட்டி?" என்றான். (அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.)

போன மாதம் ஊருக்குப் போனபோது பேருந்து நிறுத்தத்தில் அப்பா நின்றிருந்தார். என் பெட்டியின் ஒரு ஓரத்தைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்த்தார். கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"பாரமாக்கும் மக்கா" என்றார்.

பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன்.